எக்ஸ்ரேக்கு ஒரு தங்கச் சீப்பு: கேள்வி பதில்

கதிர் உடம்பில் எவ்வளவு வளைகிறது என்பதை வைத்து எடுக்கும் எக்ஸ்ரே கட்ட வேறுபாட்டுப் படம் (phase contrast) பற்றிப் புதுச்சேரி, கடலூர் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

எலும்பு பளிச்சென்று தெரியும் எக்ஸ்ரேயில் தசையும் நுரையீரலும் ஏன் மங்கல்? (மாணவி, கடலூர்)

வழக்கமான படம் கதிர் எவ்வளவு தடுக்கப்பட்டது என்பதை மட்டும் பார்க்கிறது. மென்திசு அதிகம் தடுப்பதில்லை. ஆனால் கதிரைத் துளியூண்டு வளைக்கிறது. அந்த வளைவைப் பிடிக்கத்தான் சீப்புப் பற்கள்போல நுண்கோடு போட்ட தகடுகள். கொசுவலையை இரண்டாக மடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பெரிய அலைவரிகள் தெரியும். ஒரு மடிப்பை மயிரிழை நகர்த்தினாலே வரி விரல் அகலத்துக்கு ஓடும். கருவியிலும் அதேதான்: கதிர் துளியூண்டு வளைந்தாலே வரி நன்றாக நகரும். சாதாரண எக்ஸ்ரே குழாயை வைத்தே மூன்று தகடுகளால் இதைச் செய்யலாம் என்று 2006இல் சுவிட்சர்லாந்தில் காட்டினார்கள்.

நோயாளிக்குக் கதிர் அளவு கூடுமா? (எக்ஸ்ரே டெக்னீஷியன், புதுச்சேரி)

சரியான கேள்வி. கடைசித் தகடு நோயாளிக்குப் பின்னால் இருக்கிறது. உடம்பைத் தாண்டி வந்த கதிரில் பாதியை அது விழுங்கிவிடும். அந்த விலைக்கு ஈடாக வரிகள் தெளிவாக வர வேண்டும். அந்தத் தகட்டின் கோடுகள் கதிரைத் தடுக்கும் தங்கச் சுவர்கள். அவை குட்டையாக இருந்தால் தெளிவு போய்விடும்: 60 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள கதிரை 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தங்கம்கூட 40 சதவீதத்துக்கு மேல் கசியவிடும். அதனால் நல்ல தகடு என்றால் குறைந்த கதிர் என்றே நான் பார்க்கிறேன்.

தங்கத்தை உருக்கி ஊற்றுவார்களா? (நகைத் தொழிலாளி, வில்லியனூர்)

இல்லை ஐயா, முலாம் வேலைதான். அச்சில் இரண்டரை மைக்ரான் அகலம், 100 மைக்ரான் ஆழம் உள்ள பள்ளத்தை அடியிலிருந்து நிரப்ப வேண்டும். பக்கச் சுவரிலும் தங்கம் பிடித்தால் வாய் மூடிக்கொள்ளும், உள்ளே பொள்ளல் விழும். அதனால் சிலிக்கான் அச்சில் சுவருக்கு மின்காப்புப் பூச்சு கொடுக்கிறார்கள். பாலிமர் அச்சில் தொல்லை வேறு: கழுவிக் காயவைக்கும்போது நனைந்த புத்தகத் தாள்போல மெல்லிய சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க நடுநடுவே குட்டிப் பாலம் வைப்பார்கள். பாலம் உள்ள இடத்தில் தங்கம் இருக்காது, கொஞ்சம் தெளிவு குறையும். சுவர் சாய்வதற்கு அது பரவாயில்லை.

தங்கத்தகடு வாங்க வசதியில்லாத கல்லூரி என்ன செய்யலாம்? (ஆசிரியர், சிதம்பரம்)

ஹார்டுவேர் கடை உப்புத்தாள் போதும். அதன் மணல் துகள்கள் எக்ஸ்ரேயில் புள்ளிக்கோலம் போடும். பொருள் இல்லாமல் ஒரு படம், வைத்து ஒரு படம். புள்ளிகள் எங்கே எவ்வளவு நகர்ந்தன என்று கணினியில் ஒப்பிடுங்கள். மிகச் சிறிய புள்ளியிலிருந்து கதிர் விடும் நுண்குவிய எக்ஸ்ரே குழாயும் சிறு பிக்சல் கேமராவும் வேண்டும். அப்புறம், தாளை அசையாமல் ஒட்டுங்கள். இரண்டு படத்துக்கும் நடுவே அது நகர்ந்தால் கணக்கு முழுக்கத் தப்பாகும்.