இரண்டாம் எண்ணும் மிச்ச வாக்கும்: வாக்கு முறைகள் பற்றிக் கேள்வி-பதில்

இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் 2, 3 என்று விருப்பு வாக்கும் போட்டால், நான் 1 போட்டவருக்குப் பாதகம் ஆகிவிடாதா? (வவுனியா வாசகர்)

ஆகாது. நீங்கள் 1 போட்டவர் களத்தில் நிற்கும்வரை உங்கள் 2-ஐ யாரும் எண்ணப்போவதில்லை. செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் எவரும் எடுக்காவிட்டால், முதல் இருவர் தவிர மற்ற எல்லோரும் ஒரே தடவையில் நீக்கப்படுகிறார்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டுகள் மட்டும் மறுபடி பிரிக்கப்படும். 2 அந்த இருவரில் ஒருவருக்கு என்றால் அவருக்குச் சேரும். 2-உம் நீக்கப்பட்ட இன்னொருவருக்கு என்றால் 3-ஐப் பார்ப்பார்கள்.

2024-இல்தான் முதன்முறையாக இந்த இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. முதல் இருவருக்கும் போகாத வாக்குகள் ஏறத்தாழ 33 இலட்சம். அவற்றிலிருந்து அநுர குமார திசாநாயக்கவுக்கு 105,264, சஜித் பிரேமதாசவுக்கு 167,867, மொத்தம் 273,131. மற்ற 30 இலட்சம் சீட்டுகளுக்கு முடிவில் பங்கே இல்லாமல் போயிற்று. வென்ற அநுரவின் இறுதித் தொகை 5,740,179. செல்லுபடியான வாக்குகளில் இது 43 சதவீதம்தான். பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்று வகுத்த முறை, மக்கள் எண் போடாவிட்டால் இப்படித்தான் நின்றுபோகும். ஆகவே, உங்கள் மூன்று எண்களில் ஒன்றாவது கடைசி இருவரில் ஒருவராக வரக்கூடியவருக்கு இருக்கட்டும்.

2024 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் 25 சதவீதம்கூட எடுக்காத கட்சிக்கு ஆறில் மூன்று ஆசனம். இதுவா விகிதாசாரம்? (சாவகச்சேரி வாசகர்)

கணக்கைப் படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம். செல்லுபடியான வாக்குகள் 325,312. முதல் வேலை, 5 சதவீத வெட்டுப்புள்ளி: 16,266-க்குக் கீழே எடுத்தவர்கள் கணக்கிலேயே இல்லை. தேறியவை ஆறு: தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, 17-ஆம் இலக்கச் சுயேச்சைக்குழு 27,855, ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி (ஈ.பி.டி.பி.) 17,730. கூட்டினால் 240,241. அதாவது 85,000 வாக்குகள் வாசலிலேயே நின்றுவிட்டன.

அடுத்து, முதலிடம் பெற்ற கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று. மிஞ்சும் ஐந்து ஆசனங்களால் 240,241-ஐ வகுத்து, வரும் பின்னத்தை மேலே முழு எண்ணாக்கினால் 48,049. இதுதான் ஓர் ஆசனத்தின் விலை. அந்த விலையைக் கொடுக்க முடிந்தவர்கள் இருவரே: தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக்கு ஒன்று. மிச்சமுள்ள மூன்றும் மிச்ச வாக்கின், அதாவது ஆசன விலை போக எஞ்சிய வாக்கின், வரிசையில் போகும்: தேசிய மக்கள் சக்தி 32,781, தமிழ்க் காங்கிரஸ் 27,986, சுயேச்சைக்குழு 27,855. தமிழரசின் மிச்சம் 15,278 மட்டுமே. ஆக 3, 1, 1, 1.

63,327 வாக்குக்கும் ஓர் ஆசனம், 27,855 வாக்குக்கும் ஓர் ஆசனம் என்பது மிச்ச வாக்கு முறையின் குணம். சிறு கட்சிகளுக்கு அது கைகொடுக்கும். நடுத்தரக் கட்சியைக் கடிக்கும். ஆனால் போனஸ் ஆசனத்துக்கு என்னால் நியாயம் சொல்ல முடியவில்லை. அது இல்லாதிருந்தால் ஆசன விலை 40,041-க்கு இறங்கி, தேசிய மக்கள் சக்திக்கு இரண்டும் தமிழரசுக்கு இரண்டும் கிடைத்திருக்கும். பிரிந்து நிற்பவர்களுக்கு விழும் அடி இங்கேதான்.

கடைசியாக வருபவரை ஒவ்வொருவராக நீக்கி எண்ணும் முறை குறையில்லாததா? (கோயம்புத்தூர் வாசகர்)

குறை உண்டு. அமெரிக்காவின் பர்லிங்டன் நகர மேயர் தேர்தல், 2009: முதல் எண்ணிக்கையில் ரைட் 2,951, கிஸ் 2,585, மான்ட்ரோல் 2,063. மான்ட்ரோல் நீக்கப்பட, இறுதியில் கிஸ் வென்றார். ஆனால் சீட்டுகளை இருவர் இருவராக ஒப்பிட்டால், மான்ட்ரோல் மற்ற இருவரையும் தோற்கடிக்கிறார்! எல்லோருக்கும் இரண்டாவதாகப் பிடித்தவர், முதல் விருப்பம் குறைவு என்பதால் நடுவழியில் விழுந்தார். அடுத்த ஆண்டே அந்த நகரம் முறையைக் கைவிட்டது. பின்னர் மறுபடி ஏற்றுக்கொண்டது. அதற்காக, தொகுதியில் அதிக வாக்கு எடுத்தவரே வெல்லும் இந்திய முறையே மேல் என்று சொல்ல மாட்டேன். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க. சுமார் 45 சதவீத வாக்கில் 39-இல் 37 இடங்களை வென்றது. சுமார் 24 சதவீதம் பெற்ற தி.மு.க.வுக்கு ஒன்றும் இல்லை.

மாநிலங்களவைக்கு 34 எம்.எல்.ஏ. வேண்டும் என்கிறார்களே, எப்படி? (திருச்சி வாசகர்)

ஒவ்வொரு வாக்குக்கும் மதிப்பு 100. தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்கள் 234 பேரும் வாக்களித்தால் 23,400. ஆறு இடங்கள் என்றால், அதைவிட ஒன்று கூடுதலான ஏழால் வகுத்து, பின்னத்தை விட்டு, ஒன்று கூட்டினால் 3,343. 33 பேர் போதாது, 34 வேண்டும்.

எங்கள் குடியிருப்பில் 60 வீடு, ஐந்து நிர்வாகிகள். ஆளுக்கு ஐந்து டிக் போட்டால் ஒரே அணி அள்ளிக்கொண்டு போகிறது. (சென்னை வாசகர்)

31 வீடு ஒன்றாக நின்றால் ஐந்தும் அவர்களுக்கே. அந்த முறையே அப்படி. டிக்குக்குப் பதில் 1, 2, 3 என்று எண் போடச் சொல்லுங்கள். மதிப்பு 100 வீதம் 6,000. ஆறால் வகுத்து ஒன்று கூட்டினால் 1,001, அதாவது 11 முதல் வாக்கு எடுத்தவர் ஜெயித்தார்.

சண்டை வருவது உபரியில், அதாவது ஜெயிக்கத் தேவையானதற்கு மேல் வந்த வாக்கில். ஒருவருக்கு 17 சீட்டு வந்தால், மேலே கிடக்கும் ஆறை உருவி அடுத்தவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். எந்த ஆறு என்பதிலேயே முடிவு மாறும். 1,700-இல் 1,001 போக 699. பதினேழு சீட்டையும் 2-ஆம் எண்படி பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 41 மதிப்பு கொடுங்கள். 2 போடாத சீட்டு இருந்தால் அதை விட்டுவிட்டு, மற்றச் சீட்டுகளின் எண்ணிக்கையால் 699-ஐ வகுங்கள். ஆனால் ஒரு சீட்டுக்கு 100-க்கு மேல் கொடுக்கக் கூடாது. உபரி தீர்ந்தபின் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் சீட்டுகளை அடுத்த எண்ணுக்கு மாற்றுங்கள். சமன் வந்தால் குலுக்கல் என்பதையும், 2 விடுபட்டு 3 மட்டும் இருந்தால் 1 மட்டுமே செல்லும் என்பதையும் வாக்குப்பதிவுக்கு முன்பே எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.