கோழி, காவல் நாய், துப்பாக்கி: வாசகர் கேள்வி பதில்

தோட்டத்து வீடுகளில் கோழி, நாய் வளர்ப்பவர்களும் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: 25 நாட்டுக்கோழிகள் வைத்திருக்கிறேன். இரண்டு மாதத்தில் ஒன்பது போய்விட்டன. கீரிதான் தூக்குகிறது என்கிறார்கள். ஏர் கன் வாங்கிச் சுடலாமா? அதற்கு லைசென்ஸ் வேண்டுமா?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

4.5 மில்லிமீட்டர் (.177) குழல் அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத ஏர் கன்னுக்கு, 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. வாங்கலாம். ஆனால் அதை வைத்துக் கீரியைச் சுட முடியாது. கீரி, காட்டுப்பூனை, மரநாய், பருந்து எல்லாமே 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. கொன்றாலும் பிடித்தாலும் குற்றம். ஏர் கன் குண்டு பட்ட கீரி அந்த இடத்திலேயே சாவதும் அரிது. புதருக்குள் போய்ப் பல நாள் வேதனைப்பட்டுத்தான் சாகும். அந்த இடத்துக்கு அடுத்த கீரி வந்துவிடும்.

முதலில் திருடன் யார் என்று பாருங்கள். பகலில் கோழி குறைந்து, கழுத்தில் சிறு பல் தடம் இருந்தால் கீரி. முட்டையை அது பின்னங்கால் இடுக்கு வழியாகக் கல்லில் எறிந்து உடைக்கும் என்பதால், கல்லையோ சுவரையோ ஒட்டி ஓடுகள் கிடக்கும். இரவில் கோழியின் தலை மட்டும் காணாமல் போயிருந்தால் மரநாயையோ காட்டுப்பூனையையோ சந்தேகியுங்கள். ஏழெட்டுக் கோழிகள் கடிபட்டு, தின்னப்படாமல், இறகு சிதறிக் கிடந்தால் அது நாய். குஞ்சு மட்டும் குறைகிறது, ரத்தமும் இல்லை இறகும் இல்லை என்றால் பாம்பு, காக்கை அல்லது வல்லூறு. குஞ்சின் காலில் கடி இருந்தால் எலி.

அடுத்தது கூண்டு. 25 கோழிகள் இரவு தங்க 6 அடிக்கு 5 அடி போதும். தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கால் நட்டுக் கட்டுங்கள். பக்கங்களுக்கு அறுகோணக் கோழி வலை வேண்டாம். அது கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, நாய் பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும், கீரிக்குட்டி நுழைந்துவிடும். அரை அங்குல வெல்டு மெஷ் போடுங்கள். ஆணியை மட்டும் வளைத்து அடிக்காமல், வலையின் மேல் ஒரு மரச்சட்டம் வைத்துத் திருகாணி போட்டால்தான் பிடிப்பு நிற்கும். உட்காரும் கம்பு கோழிக்கு 8 அங்குலம் என்ற கணக்கில் மொத்தம் 17 அடி வேண்டும். எல்லாக் கம்பும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். உயரம் மாறினால் மேல் கம்புக்குச் சண்டை நடக்கும்.

பகலில் மேயும் பட்டிக்கு வேலி போடுகிறீர்கள் என்றால், வலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடித்து, அரை அடி ஆழத்தில் மண்ணுக்குள் புதையுங்கள். தோண்டும் விலங்கு எதுவும் வேலியின் காலடியில்தான் பறிக்கத் தொடங்கும். இரண்டடி தள்ளிப் போய்ப் பறிக்க அதற்குத் தோன்றாது. உள்பக்கமாக மடித்தால் இந்தப் பயன் கிடையாது. பலர் செய்யும் தவறு இதுதான்.

கூண்டை ஒட்டிய விறகு அடுக்கு, முள் குவியல், ஓட்டுக் குவியல் மூன்றையும் அகற்றுங்கள். கீரி குட்டி போடுவதே அதற்குள்தான். முட்டையைக் காலை 11 மணிக்கு ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை எடுத்துவிடுங்கள். குஞ்சுகளைத் தாயோடு ஐந்து வாரம் வரை பஞ்சாரத்தில் வைத்து, ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் திறந்துவிடுங்கள். இரண்டு கின்னிக்கோழிகள் சேர்த்து வளர்த்தால் பருந்து நிழல் விழுந்ததும் கத்தி ஊரைக் கூட்டும். சூரியன் மறைந்து அரை மணிக்குள் கூண்டைப் பூட்டுங்கள். சும்மா மாட்டும் கொக்கியை மரநாய் தள்ளித் திறந்துவிடும். ஸ்பிரிங் வைத்த கொக்கியோ சின்னப் பூட்டோ வேண்டும். இந்தப் பூட்டு ஒன்றுதான் துப்பாக்கியைவிட அதிகக் கோழிகளைக் காப்பாற்றும்.

கேள்வி: எட்டு மாத சிப்பிப்பாறை நாய் மூன்று கோழிகளைக் கடித்துக் கொன்றுவிட்டது. செத்த கோழியைக் கழுத்தில் கட்டிவிட்டால் திருந்தும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா?
— வாசகி, விளாத்திகுளம்

வேண்டாம் அம்மா. அழுகும் கோழியைச் சுமப்பதற்கும் முந்தாநாள் செய்த வேட்டைக்கும் உள்ள தொடர்பு நாய்க்குப் புரியாது. புண்ணும் புழுவும்தான் மிஞ்சும். அடித்தாலும் உங்கள் முன்னால் மட்டும் அடங்கியிருக்கக் கற்றுக்கொள்ளும். நீங்கள் சந்தைக்குப் போன நேரத்தில் மீண்டும் கடிக்கும்.

சிப்பிப்பாறையும் கன்னி என்ற நாயினமும் முயல் வேட்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. ஓடுவதைக் கண்ணால் கண்டால் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் உள்ளது. கோழி சிறகடித்து ஓடும்போது துரத்தல் தானாக நடக்கிறது. அதனால் ஓட்டத் தேவையை முதலில் தீர்க்க வேண்டும். விடியற்காலையில் அரை மணி நேரமாவது கயிற்றோடு ஓடவிடுங்கள். நாளெல்லாம் சங்கிலியில் கிடந்த நாயிடம் எந்தப் பழக்கமும் ஏறாது.

பிறகு, வேலிக்குள் கோழி மேயும் நேரத்தில் நாயைப் பதினைந்து அடி தள்ளிக் கயிற்றில் பிடித்து உட்காருங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்கள் பக்கம் திரும்பிய நொடியில் வேகவைத்த ஈரல் துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு, கொடுங்கள். காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். உடம்பு விறைத்து, பார்வை குத்திட்டு, கூப்பிட்டால் காது அசையாமல் நின்றால் தூரம் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் ஐந்தடி பின்னால் வாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேலிக்குப் பக்கத்தில் அமைதியாகப் படுக்கும் நிலை வரும். அதன் பிறகே வாய்ப்பூட்டு மாட்டி, பத்தடிக் கயிறு தரையில் இழுபட, பட்டிக்குள் உங்களோடு நடக்க விடுங்கள். ஓடத் தொடங்கினால் கயிற்றை மிதித்தால் போதும், கத்த வேண்டாம். உங்கள் கத்தல் அதற்கு வேட்டைக் கூச்சல் போலத்தான் கேட்கும்.

கோழி அறுக்கும்போது குடலையும் தலையையும் நாய்க்கு வீசும் வழக்கத்தை நிறுத்துங்கள். உடைந்த முட்டையைப் பச்சையாகக் கொடுப்பதும் முட்டைத் திருட்டுக்குப் பழக்கும்.

மூன்று கோழிகளைக் கொன்ற நாயைக் கோழிகளோடு தனியே விடும் நாள் வராமலே போகலாம். அதில் குறையில்லை. அதன் படுக்கையைக் கோழிப் பட்டிக்கு வெளியே, வண்டிப்பாதைப் பக்கம் போடுங்கள். நல்ல காவல் நாய் வேலிக்கு வெளியே இருந்தும் மரநாயை அண்டவிடாது.

புதிதாக ராஜபாளையம் குட்டி வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. முழு வெள்ளையில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி தனியாக இருக்கும்போது, அது பார்க்காத பக்கத்திலிருந்து ஒரு சாவிக் கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். கூட்டத்தில் இருக்கும்போது சோதித்தால் மற்றக் குட்டிகளைப் பார்த்துத் திரும்பி ஏமாற்றிவிடும்.

கேள்வி: தெருநாய்கள் ஒரே இரவில் 14 கோழிகளைக் கொன்றுவிட்டன. என்னிடம் உரிமத் துப்பாக்கி உண்டு. சுட்டால் என்ன? இல்லாவிட்டால் கறியில் மருந்து வைக்கவா?
— வாசகர், அரவக்குறிச்சி

இரண்டும் வேண்டாம். விலங்கைக் கொல்வதற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325-ம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. உரிமமும் ரத்தாகலாம். இரவில் ஓடும் நாயைக் குறிவைக்கும் குண்டு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. தோட்டத்து வீடுகளில் வாசலில் கட்டில் போட்டு ஆள் படுத்திருப்பார்கள். விஷக் கறி இன்னும் மோசம். மயில், பருந்து, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் சாகும். அதைக் குழந்தை எடுத்தாலும் ஆபத்து.

இறந்த கோழிகளை அகற்றும் முன் படம் எடுங்கள். உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்கி, ஊராட்சிக்கும் வருவாய்த் துறைக்கும் மனு கொடுங்கள். 2025-ல் தெருநாய் கடித்து இறந்த கால்நடைகளுக்குத் தமிழக அரசு இழப்பீடு அறிவித்தபோது கோழிக்கு 200 ரூபாயும் ஆட்டுக்கு 6,000 ரூபாயும் நிர்ணயித்தது. தொகை சிறிதுதான், ஆனால் சான்று இல்லாமல் அதுவும் வராது. கடித்தது உரிமையாளர் உள்ள நாய் என்றால் நட்டத்தை அவரிடம் கேட்கலாம். தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடுவது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு என்று 2023-ம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் சொல்கின்றன. அதையும் அதே மனுவில் எழுதுங்கள்.

உங்கள் நாயே எங்காவது பூச்சிமருந்து விஷம் தின்று வந்தால் எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், உடம்பு நடுங்கும். உப்புத் தண்ணீர், பால், தேங்காய் எண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள். நடுங்கும் நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தியில் கொஞ்சம் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். பூச்சிமருந்து விஷத்துக்கு அட்ரோபின் ஊசி நேரத்தில் கிடைத்தால் பல நாய்கள் பிழைக்கின்றன.

கேள்வி: தாத்தா இறந்து நான்கு வருடம் ஆகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கிய அவருடைய ஒற்றைக்குழல் துப்பாக்கி பரணில் கிடக்கிறது. என் பெயருக்கு மாற்ற முடியுமா?
— வாசகர், தளி

அதைப் பரணில் வைத்திருப்பதே இன்று சட்டப்படி சிக்கல். உரிமம் தாத்தாவோடு முடிந்துவிட்டது. முதலில் காவல் நிலையத்துக்கோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளருக்கோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். நான்கு வருடத் தாமதம் என்பதால் ஒரு வழக்கறிஞரைக் கொண்டு எழுத்து மூலம் தகவல் கொடுத்துவிட்டுச் செய்வது நல்லது. கிணற்றில் போடுவது, உறவினர் வீட்டுக்கு மாற்றுவது எல்லாம் வழக்கைப் பெரிதாக்கும்.

துப்பாக்கியைப் பரணிலிருந்து இறக்கும் முன், அதற்குள் வெடிமருந்து நிரப்பிய நிலையில் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். குழல் வாய் வழியாக மருந்து போடும் பழைய வகை என்றால், எத்தனை வருடம் கிடந்தாலும் உள்ளே இருக்கும் கருமருந்து வெடிக்கும். விசைக்கு மேலே உள்ள சுத்தியலின் அடியில் கேப்பு (பொறி தரும் சிறு மூடி) இருக்கிறதா என்று தொடாமல் பாருங்கள். இருந்தாலோ சந்தேகம் வந்தாலோ அப்படியே விட்டு, காவல் நிலையத்தில் தெரிவித்து ஆயுதப் பிரிவு ஆட்களை அனுப்பச் சொல்லுங்கள். நீங்களே கம்பி விட்டுக் கிளற வேண்டாம்.

பிறகு வாரிசாக உங்கள் பெயரில் விண்ணப்பம். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் தடையில்லாக் கடிதம், பழைய உரிமப் புத்தகம் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். காவல்துறை அறிக்கை வந்த பிறகே முடிவு. வாரிசு என்பதால் தானாகக் கிடைக்காது. உரிமத்தின் காலம் 2019 திருத்தத்துக்குப் பின் ஐந்தாண்டு. ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது.

காட்டுப்பன்றியை நீங்களே சுட இந்த உரிமம் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். 2025-ல் தமிழக அரசு எடுத்த முடிவின்படி காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறையினர் வேலை.

கேள்வி: தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்த இரட்டைக்குழல் துப்பாக்கி இப்போதுதான் திரும்பி வந்தது. உடனே பயன்படுத்தலாமா?
— வாசகர், வால்பாறை

உடனே வேண்டாம். குழலை மடக்கித் திறந்து, இரண்டு அறையிலும் தோட்டா இல்லை என்று பார்த்த பின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் நோக்கிப் பாருங்கள். மாதக்கணக்கில் அறையில் கிடந்த குழலில் குளவி மண் கூடு கட்டியிருக்கும். அந்தச் சிறு மண் உருண்டை போதும், சுடும்போது குழல் கையருகே வெடிக்க. துணி சுற்றிய கம்பியைப் பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் தள்ளிச் சுத்தம் செய்யுங்கள். துணியில் துருவின் செந்நிறம் வராமல் போகும் வரை துப்பாக்கி எண்ணெய் தொட்டுத் திரும்பத் திரும்பத் தள்ளி, கடைசியில் உலர்ந்த துணி. குழலுக்குள் நகம் மாட்டும் அளவு பள்ளம் தெரிந்தால் உரிமம் பெற்ற பழுது பார்ப்பவரிடம்தான் போக வேண்டும். அவரிடம் மகன் கொண்டுபோவதானால் உங்கள் எழுத்து அனுமதி மகன் கையில் இருக்கட்டும்.

அடுத்த முறை ஒப்படைக்கும்போது குழல் வாயை மெல்லிய துணியால் கட்டி, எண்ணெய் தடவி, ரசீதில் துப்பாக்கி எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று நிலையத்திலேயே படித்துப் பாருங்கள்.