மாமா சொன்னதற்காக மருத்துவமா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம்மை முடித்துவிட்டாள், அறிவியல் பாடங்களில் நல்ல தேர்ச்சி. "தோட்டத்துப் பிள்ளை டாக்டரானால் குடும்பத்துக்கே பெருமை" என்று பெரிய மாமா தனியார் கல்லூரி விண்ணப்பத்தோடு வந்துவிட்டாராம். கணவரின் இபிஎஃப் பணத்தை எடுப்பதா, வீட்டை அடகு வைப்பதா என்று தூக்கம் போய்விட்டது என்கிறார்.

சகோதரி, இது தூக்கம் போக வேண்டிய விஷயம்தான். தனியார் மருத்துவப் படிப்பு பல இடங்களில் 3 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டும். படித்து வந்ததும் நிரந்தர வேலை காத்திருக்கிறதா என்றால், 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்களை அரசு ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறது. 2021 ஜூலை 26 அன்று அவர்கள் வெளிநடப்புச் செய்ததை மாமாவுக்கு நினைவுபடுத்துங்கள். ஓய்வுக்காலப் பணத்தில் கை வைக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள். பாட்டியை டயாலிசிஸ் மையத்துக்கு அழைத்துப் போகும்போதெல்லாம், கழுத்துக் குழாய்க்குள் எதற்கு மருந்து அடைத்து மூடுகிறீர்கள் என்று மகள் தாதியைக் கேட்டுக்கொண்டே இருப்பாளாம். அந்த மருந்து பெரும்பாலும் ஹெப்பாரின், குழாயில் இரத்தம் உறையாமலிருக்க. அவள் பார்வை நோயாளியைத் தாண்டிக் குழாயின் மேல் விழுந்திருக்கிறது. அதற்கென்றே ஒரு படிப்பு உண்டு: பாலிமர் பொறியியல், அதாவது பிளாஸ்டிக், ரப்பர் போன்ற பொருள்களை உருவாக்கும் படிப்பு.

இத்தகைய குழாய்களில் பல பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. செருகும்போது விறைப்பாக இருக்கும், உடல் சூட்டில் இளகிக் கொடுக்கும். குறை என்னவென்றால், இரத்தம் பட்ட சில நொடிகளிலேயே ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் பரப்பில் படியும். அவற்றின் மேல் இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒட்டும், பிறகு உறைகட்டி. இதற்கு ஒரு வழியை டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் பால் சாண்டேர் குழுவினர் உருவாக்கினார்கள். நுனியில் ஃப்ளூரின் சங்கிலிகள் உள்ள மூலக்கூறுகளைக் குழாய் செய்யும்போதே பிளாஸ்டிக்கோடு சிறிதளவு கலந்துவிடுவது. காய்ச்சிய பாலில் ஆடை மேலே வருவதுபோல, ஃப்ளூரின் தானாகவே பரப்புக்கு ஏறிவிடும். தனியாகப் பூச்சு பூச வேண்டாம், உரிந்துபோகும் பயமும் இல்லை. புரதம் படியும் விதம் மாறுகிறது, தட்டணு ஒட்டுவது குறைகிறது. உள்ளே குழாயின் உறுதி அப்படியே இருக்கும். இந்த முறையில் செய்த குழாய்கள் சந்தைக்கே வந்துவிட்டன.

ஆய்வுக்கூடத்தில் முதல் சோதனைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பரப்பில் வைத்து, சொட்டு விளிம்பின் கோணத்தை அளப்பார்கள். சாதாரணப் பாலியூரித்தேனில் சற்றுப் பரவும், ஃப்ளூரின் ஏறிய பரப்பில் உருண்டு நின்று 100 டிகிரியைத் தாண்டும். ஆனால் தண்ணீர் உருண்டாலே இரத்தம் உறையாது என்று அர்த்தமில்லை, அதைத் தனியாக இரத்தத்தோடுதான் சோதிக்க வேண்டும். ஃப்ளூரின் சேர்மங்களில் பல மண்ணிலும் நீரிலும் மக்காமல் தங்கிவிடும் என்ற கவலையும் இருக்கிறது. மாற்று தேடவும் ஆட்கள் வேண்டும்.

பால்மரம் சீவிய குடும்பத்துக்குப் பாலிமர் ஒன்றும் அந்நியமில்லை, ரப்பரே பாலிமர்தானே. பினாங்கு நிபோங் திபாலில் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) பொறியியல் வளாகத்தில் இந்தப் பட்டப்படிப்பு இருக்கிறது. பாயான் லெப்பாசில் பி. பிரவுன் நிறுவனம் 1972 முதல் மருத்துவச் சாதனங்கள் செய்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து இரண்டுமே எட்டும் தூரம்தான்.

ஆறாம் படிவத்தில் சேருங்கள். கணிதம், இயற்பியல், இரசாயனம் மூன்றும் கட்டாயம். உயிரியலுக்காக இவற்றில் ஒன்றை விட வேண்டாம். விளையாட்டு, கழகம் போன்ற புறப்பாடத்தையும் அலட்சியம் செய்யக்கூடாது, அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியு மதிப்பெண்ணில் அதற்கு 10 விழுக்காடு உண்டு. பல்கலைக்கழகம் போனபின் அரசின் பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் தேவைப்படலாம், அது தாங்கக்கூடிய கடன். மாமா மறுபடி வந்தால், கட்டணத்தில் அவர் பங்கு எவ்வளவு என்று முதலில் கேளுங்கள்.