கிளைம் மேசை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

கலிபோர்னியாவில் ஒரு கார் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளைம்ஸ் வேலை பார்க்கிறேன். இப்போது ஒரு கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) அலுவலகத்தில் ‘வொர்க்கர்ஸ் காம்ப்’, அதாவது வேலையில் அடிபட்டவர்களுக்கான இழப்பீட்டுப் பிரிவில், கோரிக்கைகளை விசாரித்து முடிவெடுக்கும் கிளைம்ஸ் அட்ஜஸ்டர் வேலைக்குத் தேர்வு எழுதித் தேறியிருக்கிறேன். அடுத்த வாரம் நேர்காணல். நீங்கள் அந்த வேலையில் இருந்தவர் என்பதால் எழுதுகிறேன். ‘அடிபட்டவனுக்குக் காசு கிடையாது என்று சொல்வதற்குத்தான் அந்தச் சம்பளம்’ என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். என் அப்பா ஊரில் நகராட்சிக் குடிநீர்க் குழாய் வேலையில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தவர். பள்ளத்தில் மண் சரிந்து கால் முறிந்தது. நகராட்சியில் கான்ட்ராக்டரைப் போய்க் கேள் என்றார்கள். கான்ட்ராக்டர் ஆஸ்பத்திரிச் செலவில் பாதியைக் கொடுத்ததோடு சரி. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த நான் இந்த வேலைக்குப் போகலாமா?

கே.

அன்புள்ள கே.,

போகலாம். உங்களைப் போன்றவர்கள்தான் போக வேண்டும் என்பது என் எண்ணம். உங்கள் நண்பர்கள் சொல்வது முழுப் பொய் இல்லை. ஆனால் அந்த வேலையில் மனிதர்களுக்கு நடக்கும் கெடுதல் எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ‘இல்லை’ என்ற பதிலைவிட, மாதக்கணக்கில் எந்தப் பதிலும் வராமல் இருப்பதால் நொடித்துப்போனவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கார் கிளைமிலிருந்து வருகிறீர்கள். அங்கே முதல் கேள்வி, தப்பு யார் மேல் என்பது. இங்கே அந்தக் கேள்வியே கிடையாது. தொழிலாளி கவனக்குறைவாக இருந்தாரா, மேஸ்திரி ஏணியைச் சரிபார்த்தாரா என்பதெல்லாம் கணக்கில் வராது. காயம் வேலையின்போது ஏற்பட்டதா, வேலையால் ஏற்பட்டதா, இவ்வளவுதான். இந்தப் பழக்கம் கைவரக் கொஞ்ச நாள் ஆகும். கார் கிளைமிலிருந்து வருகிறவர்கள் முதல் சில மாதங்கள் போலீஸ்காரரைப் போலக் கேள்வி கேட்பார்கள். எதிரே இருப்பவர் உடனே வாயை மூடிக்கொள்வார்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பது மனதில் இருந்தால் வேலையின் நோக்கமும் மறக்காது. 1911 மார்ச் 24 அன்று நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த மாநிலத்தின் இழப்பீட்டுச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மறுநாளே டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். அதன் பிறகு மாநிலம் மாநிலமாகச் சட்டங்கள் வந்தன. கலிபோர்னியாவில் 1913-ல் வந்த பாய்ன்டன் சட்டம் இழப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இதற்குள் ஒரு பேரம் இருக்கிறது. தொழிலாளி முதலாளி மேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்தார். அதற்குப் பதிலாக, வாதாட்டம் இல்லாமல், சீக்கிரமாக, நிச்சயமாகச் சிகிச்சையும் பாதிச் சம்பளத்துக்கு மேலான தொகையும் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்கப்பட்டது. ஆகவே அட்ஜஸ்டர் ஒரு ஃபைலைத் தூங்கவிட்டால் அந்த மனிதருக்கு இரண்டும் போய்விடுகிறது. வழக்கும் போட முடியாது, பணமும் வராது.

நேரம் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன். காயம் தெரியவந்த ஒரு வேலைநாளுக்குள் கிளைம் படிவத்தைத் தொழிலாளி கையில் கொடுத்தாக வேண்டும். அவர் அதைப் பூர்த்தி செய்து தந்த ஒரு வேலைநாளுக்குள் சிகிச்சைக்கு அனுமதி கொடுக்க வேண்டும், முடிவெடுக்கும் வரை 10,000 டாலர் வரைக்கும். ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்ய உங்களுக்கு 90 நாள். அதற்குள் மறுக்காவிட்டால் காயம் வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். காவலர், தீயணைப்பு வீரர் போன்றோரின் சில வகைக் கிளைம்களுக்கு 2023 முதல் இது 75 நாள்.

இந்த 90 நாளில்தான் எல்லாம் இருக்கிறது. ‘விசாரணையில் உள்ளது’ என்று ஒரு கடிதம் போய்விடும். சிகிச்சை நடக்கும். ஆனால் வேலைக்குப் போக முடியாதவருக்கான வாராந்தரத் தொகை, அதாவது சராசரிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, முடிவு வரும்வரை பெரும்பாலும் போகாது. தனியார் நிறுவனத்தில் இருப்பவருக்கு மாநிலத்தின் உடல்நலக் குறைவுக் காப்பீடு இடைக்காலத்தில் கைகொடுக்கும். உள்ளாட்சி ஊழியர்களில் பலர் அதில் சேர்க்கப்படவே இல்லை. விடுப்பைத் தின்பார்கள். விடுப்புத் தீர்ந்தால் கடன். பூங்காவில் புல் வெட்டும் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று வையுங்கள். சூப்பர்வைசர் போனில், ‘ஞாயிற்றுக்கிழமை வீடு மாற்றினான், அதில் வந்த வலிதான்’ என்கிறார். விசாரிக்க வேண்டிய விஷயம்தான், தப்பில்லை. அவரிடமும், கூட வேலை செய்தவரிடமும், தொழிலாளியிடமும் வாக்குமூலம் வாங்கி, பழைய மருத்துவப் பதிவுகளைக் கேட்டு எழுதி, தேவையானால் மருத்துவ மதிப்பீட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இதை இரண்டாம் நாள் ஆரம்பிக்கலாம், அறுபதாம் நாளும் ஆரம்பிக்கலாம். சட்டப்படி இரண்டும் சரி. அந்த இரண்டு மாத வித்தியாசத்தில் ஒரு குடும்பம் வாடகைக்கு என்ன செய்தது என்பது எந்த ஃபைலிலும் பதிவாகாது. 90 நாளைத் தனக்குக் கிடைத்த அவகாசம் என்று நினைக்கும் அட்ஜஸ்டர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அது விசாரிப்பதற்காகக் கொடுத்தது.

அதனால் முதல் நாளே தொழிலாளிக்குப் போன் செய்யுங்கள். படிவத்தில் இருக்கும் கேள்விகளை அப்புறம் கேட்கலாம். உங்கள் பெயர், உங்கள் நேரடி எண், அடுத்து என்ன நடக்கும், பணம் எப்போது வரும் அல்லது ஏன் இப்போது வராது, இதைச் சொல்லுங்கள். பலர் வக்கீலிடம் ஓடுவது பேராசையால் இல்லை. அவர்களை யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை, அவ்வளவுதான். வக்கீல் வந்துவிட்டால் நீங்கள் தொழிலாளியோடு நேரடியாகப் பேச முடியாது. வக்கீலின் கட்டணமும், பல நேரம் 15 சதவீதம், தொழிலாளிக்கு வரும் தொகையிலிருந்துதான் போகும். சில ஃபைல்களுக்கு வக்கீல் அவசியம், மறுக்கவில்லை. ஒரு போனில் தீர்ந்திருக்க வேண்டியதற்கு அவசியம் இல்லை.

உள்ளாட்சி வேலையில் இன்னொரு வித்தியாசம் உண்டு. பெரிய கவுண்டிகளும் நகரங்களும் பெரும்பாலும் இன்சூரன்ஸ் வாங்குவதில்லை, சொந்த நிதியிலிருந்தே கொடுக்கின்றன. சிறிய நகரங்கள் பல சேர்ந்து ஒரு கூட்டு நிதி வைத்துக்கொள்ளும். அந்தப் பணம் வரிப்பணம். லாபம் பார்க்கும் பங்குதாரர் கிடையாது. அடிபட்டவரோ உங்களைப் போலவே அதே கவுண்டியில் சம்பளம் வாங்குகிறவர். புத்தக வண்டி தள்ளித் தோள் போன நூலக உதவியாளர், நாய் கடித்த விலங்குப் பிரிவு ஊழியர், சிறையில் கைதியைத் தடுக்கப்போய் முழங்கால் திரும்பிய டெபுடி (கவுண்டிக் காவலர்), வீடு வீடாகப் போகும்போது கார் மோதிய சமூகப் பணியாளர், இவர்கள்தான் உங்கள் ஆட்கள். சிலரை லிஃப்டில் பார்ப்பீர்கள். ஆகவே வாய்க் கட்டுப்பாடு மிக அவசியம். ஒருவருடைய முதுகெலும்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது அவருடைய மேலதிகாரிக்குத் தெரியக் கூடாது. மேலதிகாரி கேட்பார், நட்பாகவே கேட்பார். வேலையில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்ற மருத்துவக் கட்டுப்பாட்டைத் தவிர வேறு எதையும் சொல்லாதீர்கள்.

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காவலரும் தீயணைப்பு வீரரும் பணியில் அடிபட்டால் தொழிலாளர் சட்டத்தின் 4850-ஆவது பிரிவின்படி ஒரு வருடம் வரை முழுச் சம்பளம், வரியும் இல்லை. தீயணைப்பு வீரருக்குப் புற்றுநோய் வந்தால் அது வேலையால் வந்தது என்றே சட்டம் ஊகிக்கிறது, 2020 முதல் மன அதிர்ச்சி நோய்க்கும் அப்படித்தான். எரியும் பிளாஸ்டிக் புகைக்குள் போகிறவர்களுக்கு அது நியாயம், ஒரு சொல்கூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே கட்டடத்தில் தரை துடைப்பவர் அதே படிக்கட்டில் விழுந்தால் அவருக்கு மூன்றில் இரண்டு பங்குதான், அதுவும் பொதுவாக 104 வாரம் வரை. ஏற்கெனவே குறைந்த சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. அட்ஜஸ்டரால் இதை மாற்ற முடியாது. அவருடைய காசோலை ஒரு நாள்கூடப் பிந்தாமல் பார்த்துக்கொள்ள முடியும். பிந்தினால் அவர் கேட்காமலே 10 சதவீதம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

மறுக்க வேண்டிய கிளைம்களும் வரும், மறுங்கள். பொய்க் கிளைம்கள் உண்டு, ஆனால் பேச்சில் அடிபடும் அளவுக்கு இல்லை. மறுப்புக் கடிதம் போவதற்கு முன் போனில் காரணத்தைச் சொல்லுங்கள். மாநில அரசின் தகவல் உதவி அலுவலர்கள் இலவசமாக வழிகாட்டுவார்கள் என்பதையும், எதிர்த்து முறையிடலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள். சிகிச்சை விஷயத்தில் ஒன்றை மறக்க வேண்டாம். டாக்டர் கேட்ட சிகிச்சையைத் தேவையில்லை என்று மறுக்கவோ குறைக்கவோ உங்களுக்கு அதிகாரம் இல்லை, அதை ஒரு மருத்துவர்தான் செய்ய முடியும். அனுமதி கொடுக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. பிசியோதெரபிக்கு வந்த நியாயமான கோரிக்கையை எல்லாம் பரிசீலனைக்கு அனுப்பிவிட்டுக் கையைக் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

உங்கள் அப்பா விஷயம். இந்தியாவின் 1923-ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்தில் 12-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. தன் வேலையைக் கான்ட்ராக்டர் மூலம் செய்விப்பவரும் இழப்பீடு கொடுக்கப் பொறுப்பு, கொடுத்துவிட்டு அதைக் கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லாவிட்டால் இழப்பீட்டில் பாதி வரை அபராதம் என்றும் அதே சட்டத்தில் இருந்தது. நகராட்சி அலுவலகத்தில் அன்று இருந்த ஒருவராவது இதை உங்கள் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் அனுப்பினார்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது அந்த வரிதான்.

வேலையில் சேர்ந்தால் 160 மணி நேரப் பயிற்சி உண்டு, அது பெரிய விஷயமில்லை. நேர்காணலில் அவர்கள் கேட்டு முடித்ததும் நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு அட்ஜஸ்டர் கையில் எத்தனை ஃபைல்? 150-ஐத் தாண்டுகிறது என்றால் நான் மேலே சொன்ன போன் கால் எதையும் உங்களால் செய்ய முடியாது. யோசியுங்கள். இரண்டாவது, கிளைம் வந்து எத்தனை நாளில் தொழிலாளியிடம் பேசுகிறார்கள், அதை யாராவது கணக்கு வைக்கிறார்களா? என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், அதைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசலாம்.