கிளை காய்ந்தால் முதலில் மண்ணைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டுக்கு எதிரே நடைபாதையில் நிற்கும் பெரிய மரத்தில், ஒரு பக்கக் கிளைகள் மட்டும் நுனியிலிருந்து காய்ந்து வருகின்றன. பேவர் பிளாக் கற்களை அடிமரத்தை ஒட்டியே பதித்திருக்கிறார்கள். உச்சியை வெட்டிவிட்டால் புதிதாகத் துளிர்க்கும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். காற்றில் சாய்ந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. நகராட்சியிடம் என்னவென்று கேட்பது?

பதில்: உச்சியை வெட்ட விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேரைத்தான். பல இனங்களில், ஒரு பக்கத்து வேர் அதே பக்கத்துக் கிளைகளுக்குத்தான் பெரும்பாலும் நீர் அனுப்புகிறது. காயும் பக்கத்தில் கடந்த ஐந்தாண்டுகளில் குடிநீர்க் குழாய்க்கோ கேபிளுக்கோ பள்ளம் தோண்டினார்களா என்று விசாரியுங்கள். வேர் அறுபட்டால் மறுநாளே தெரியாது. இலை சிறுத்து, நுனி காய்ந்து, கிளை மொட்டையாவதற்குச் சில ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் பள்ளத்தை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

நீரையும் சத்தையும் உறிஞ்சும் சல்லிவேர்கள் பலரும் நினைப்பதுபோல் ஆழத்தில் இல்லை. பெரும்பகுதி மேல் மண்ணில், 30 முதல் 60 செ.மீ.க்குள் இருக்கும், பக்கவாட்டில் கிளைப் பரப்பையும் தாண்டி ஓடும். நடைபாதை போடும்போது அந்த மேல் மண்ணைத்தான் இடித்து இறுக்கி, ஜல்லி கொட்டி, கல்லால் மூடுகிறோம். மண்துகள்களின் இடைவெளி நசுங்கியதும் வேருக்குக் காற்று போவதில்லை, மழைநீரும் சாக்கடைக்கு ஓடிவிடுகிறது. பிறகு ‘மரம் தானாகப் பட்டுப்போனது’ என்று கோப்பில் எழுதிவிடலாம்!

அடிமரத்தைக் குனிந்து பாருங்கள். ஆரோக்கியமான மரம் தரையைத் தொடும் இடத்தில் அகன்று, வேர்களாகப் பிரிவது கண்ணுக்குத் தெரியும். விளக்குக்கம்பம் போல நேராக மண்ணுக்குள் இறங்கினால், அந்த விரிவு புதைந்துவிட்டது என்று பொருள். புதைந்த பட்டை ஈரத்தில் அழுகும். வெளியேற வழியில்லாத வேர் அடிமரத்தையே சுற்றி வளைத்து நெரிக்கும். கற்களுக்கு வெளியே உள்ள மண்ணில் நீளமான ஸ்குரூ டிரைவரைக் கையால் அழுத்திப் பாருங்கள். நனைந்த மண்ணிலும் 15 செ.மீ. இறங்கவில்லை என்றால் மண் இறுகிக் கிடக்கிறது.

நகராட்சிக்கு எழுதும் மனுவில் ‘மரத்தைக் காப்பாற்றுங்கள்’ என்று மட்டும் எழுதினால் பலன் குறைவு. மரத்துக்கு எண் இருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் இனம், இடம், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுத்த சுற்றளவு, படங்கள் போதும். அடிமரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு மீட்டருக்குக் கற்களை எடுக்கச் சொல்லுங்கள். இடம் இருந்தால் இன்னும் அதிகம் கேளுங்கள். மண்ணைக் கைக்கருவியால்தான் கிளற வேண்டும், ஜேசிபி கூடாது. வேரின் விரிவு தெரியும்வரை மேல் மண்ணை அகற்றி, 25 மி.மீ.க்கு மேல் தடிமனான வேர் எதையும் நிபுணர் பார்க்காமல் வெட்டக் கூடாது. நெரிக்கும் வேரும் இதில் அடக்கம். அது தடித்திருந்தால், எடுப்பதால் வரும் காயம் நெரிப்பைவிட மோசமாகலாம். திறந்த வேர்களை வெயிலில் காயவிடாமல் ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும்.

அதன்மேல் காய்ந்த இலை, மரத்தூள், சிறு சுள்ளி ஆகியவற்றை 5 முதல் 10 செ.மீ. தடிமனுக்கு மூடாக்காகப் போடுங்கள். பட்டையைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விடுவது முக்கியம். அடிமரத்தைச் சுற்றிக் குவித்தால் பழைய அழுகல் திரும்ப வரும். வறண்ட மாதங்களில் தினமும் ஒரு குடம் தெளிப்பதைவிட, இரு வாரத்துக்கு ஒருமுறை கிளைப் பரப்பின் விளிம்பை ஒட்டி மண் ஆழமாக நனையும்வரை மெதுவாக விடுவது நல்லது. காய்ந்த நுனி திரும்பப் பச்சையாகாது. மற்ற கிளைகளில் இலை பெரிதாகி அடர்கிறதா என்று இரண்டு, மூன்று ஆண்டுகள் கவனியுங்கள்.

இனி வெட்டு. உச்சியை மொட்டையடித்தால் துளிர்ப்பது உண்மைதான். இலை இழந்த மரம் சேமிப்பைச் செலவழித்து அவசரமாகத் துளிர்விடுகிறது. அந்தத் துளிர்கள் கட்டையின் மேலோட்டமான மொட்டுகளிலிருந்து வருவதால் பிடிப்பு குறைவு. சில ஆண்டுகளில் அவை கனமான கிளைகளாகும்போது, கீழே உள்ள கட்டையோ உளுத்திருக்கும். காற்றுக்குப் பயந்து வெட்டியதே காற்றில் முறியக் காரணமாகிவிடும்.

உங்கள் மரத்தில் இப்போது எடுக்க வேண்டியவை பட்ட கிளைகள் மட்டுமே. எந்த மரத்திலும் ஓராண்டில் பச்சைப் பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வயதான, நலிந்த மரத்தில் அதைவிட மிகக் குறைவாகவே. கனமான கிளைக்கு மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஒன்று, ஒன்றரை அடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது. கிளை விழுந்ததும் மிஞ்சும் கட்டையை, கிளை தொடங்கும் இடத்தில் மோதிரம் போல் தடித்திருக்கும் பகுதியைக் காயப்படுத்தாமல் அதற்கு வெளியே அறுப்பது மூன்றாவது. முதல் வெட்டைத் தவிர்த்தால் பட்டை அடிமரம் வரை உரிந்துவரும். மரத்தோடு மரமாக வழித்து வெட்டினால் காயம் மூடாது, அடிக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தாலும் மூடாது. தாரோ பெயின்டோ பூசுவதால் அழுகல் நிற்பதில்லை; அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களைப் பிளந்து பார்த்து இதைக் காட்டிவிட்டார். இருந்தும் பூச்சு வாளி இன்னும் ஒழியவில்லை. இந்த வேலை பயிற்சி பெற்றவர்களுக்கானது. மின்கம்பி அருகில் இருந்தால் நீங்கள் நெருங்கவே வேண்டாம்.

சாயுமோ என்ற பயத்துக்குச் சில அறிகுறிகள் உண்டு. புதிதாகச் சாய்வு ஏற்பட்டு எதிர்ப்பக்க மண் மேலெழும்புவது, அடிமரத்தில் தட்டுக்காளான் முளைப்பது, இரு பெருங்கிளைகள் பிரியும் கவையில் விரிசல் ஆகியவை. இவற்றில் ஒன்று இருந்தாலும் மனு எழுதிக் காத்திராமல் தொலைபேசியில் சொல்லி, கீழே வண்டி நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொந்து மட்டும் இருந்தால் மரணதண்டனை வேண்டாம். உள்ளே வெற்றிடமானாலும் சுற்றியுள்ள நல்ல மரத்தின் தடிமன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால், பெரும்பாலும் தாங்கும். அதை அளக்க ஊசித் துளைக்கருவியும் ஒலி அலைக் கருவியும் உள்ளன. பரிசோதித்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, அடுத்த பள்ளத்துக்கு முன்பே ஒரு கணக்குச் சொல்லி வையுங்கள். அடிமர விட்டத்தின் 12 மடங்கு ஆரத்துக்குள் இயந்திரத் தோண்டல் கூடாது என்பது பிரிட்டிஷ் தரவிதி. டேப்பில் எடுத்த சுற்றளவைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்: சுற்றளவு 140 செ.மீ. என்றால் சுமார் ஐந்தரை மீட்டர். குழாயை அதற்கு வெளியே திருப்ப முடியாவிட்டால், வேர்களுக்கு அடியில் துளைத்து நுழைக்கச் சொல்லுங்கள்.