மால் கடையை விற்கவா, வைத்திருக்கவா?

கேள்வி: சென்னைப் புறநகர் மால் ஒன்றில், முதல் மாடியில் எங்களுக்கு 210 சதுர அடிக் கடை இருக்கிறது. 2009-ல் அப்பா 22 லட்சத்துக்கு வாங்கியது, அவர் காலத்துக்குப் பிறகு என் பெயருக்கு வந்தது. யுடிஎஸ், அதாவது மால் நிலத்தில் எங்கள் பிரிக்கப்படாத பங்கு, 60 சதுர அடி. முன்பு 16,000 வாடகை வந்தது. இப்போது மொபைல் ரிப்பேர் செய்யும் பையன் 7,000 தருகிறான். பராமரிப்பு மாதம் 3,500, சொத்து வரி வருடம் 6,000. பக்கத்துக் கடைக்காரர் 14 லட்சத்துக்குக் கேட்கிறார். "மெட்ரோ வரட்டும், பொறு" என்கிறார் அண்ணன். என்ன செய்யலாம்?

பதில்: கொடுத்துவிடுங்கள்.

வருட வாடகை 84,000. பராமரிப்பும் வரியும் போனால் கையில் நிற்பது 36,000. 14 லட்சத்துக்கு இது இரண்டரை சதவீதம்தான். அதே பணத்தை ஆறரை சதவீத எஃப்டியில் போட்டால் 91,000 வரும். பையன் காலி செய்துவிட்டால் வாடகை நின்றுவிடும், பராமரிப்பு மட்டும் உங்கள் தலையில். அப்பா போட்ட 22 லட்சத்துக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமில்லை.

உங்கள் மால் படுத்ததற்கு ஆன்லைன் வியாபாரத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. கடை கடையாக விற்ற மால் அது. மவுண்ட் ரோடு ஸ்பென்சர் பிளாசாவும் அப்படித்தான். 90-களில் வெளியூர் சொந்தக்காரர்கள் வந்தால் ஏசிக்காகவே கூட்டிப் போவோம். 2010-ல் எக்ஸ்பிரஸ் அவென்யூ, 2013-ல் வேளச்சேரி ஃபீனிக்ஸ் என்று வந்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது. புதிய மால்களில் கடைகளைப் பெரும்பாலும் வாடகைக்குத்தான் விடுகிறார்கள். ஒரே முதலாளி என்பதால், ஆட்களை இழுக்கும் தியேட்டருக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் சதுர அடி வாடகையைக் குறைத்துவிட்டு, அந்தக் கூட்டத்தை நம்பி வரும் சின்னக் கடைகளிடம் அதிகமாக வாங்கிக்கொள்ள முடியும். நூறு கடைக்கு நூறு முதலாளி என்றால் அந்தத் தள்ளுபடியை யார் தலையில் கட்டுவது? அப்புறம் தியேட்டர் மூடும், பாதிப் பேர் பராமரிப்புப் பாக்கி வைப்பார்கள், செலவைக் குறைக்க எஸ்கலேட்டரை நிறுத்துவார்கள். நின்றுபோன எஸ்கலேட்டரில் ஏறி முதல் மாடிக்கு யார் வருவார்கள்?

புறநகரில் எதை விற்கப் போனாலும் ஒரு மெட்ரோ குறுக்கே வந்து நிற்கும். மெட்ரோ வந்தால் ஏறுவது நிலத்தின் விலை. உங்களுக்கு இருப்பதோ 60 சதுர அடி. அடி 8,000 என்றால் 4.8 லட்சம், அது இரட்டித்தாலும் 14 லட்சத்தைத் தொடாது. அமெரிக்காவில் கிளீவ்லாந்து புறநகரில் 1976-ல் திறந்த ராண்டல் பார்க் மால் 2009-ல் மூடப்பட்டது. 2018-ல் அதே இடத்தில் அமேசான் கிடங்கு வந்தது. நிலத்துக்கு மறுவாழ்வு கிடைத்தது, கடைகளுக்கு இல்லை. உங்கள் மாலை இடித்துக் கட்டுவதென்றால் முதலில் அத்தனை முதலாளிகளையும் ஒரு மேசையில் உட்கார வைக்க வேண்டும்.

பக்கத்துக் கடைக்காரர் நல்ல ஆள். நடுச்சுவரை எடுத்தால் அவருக்குப் பெரிய கடை. வெளியாள் யாரும் இந்த விலை தரமாட்டார்கள். பதினைந்து கேட்டுப் பாருங்கள், ஆனால் இழுக்க வேண்டாம்.

முதலில் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் மதிப்பைப் பாருங்கள். அது விற்கும் விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகமாக இருந்தால், வருமான வரிக்கு வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால், வரிக் கணக்கில் அப்பா வாங்கிய 22 லட்சத்திலிருந்து 14 லட்சம் போக, உங்களுக்கு 8 லட்சம் நீண்டகால மூலதன நஷ்டம். ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால், அதை எட்டு வருடம் வரை மற்ற நீண்டகால மூலதன லாபத்தில் கழிக்கலாம். மால் சங்கத்தில் பாக்கி இல்லை என்று கடிதம் வாங்குங்கள். பையன் கொடுத்த அட்வான்ஸை யார் திருப்பித் தருவது என்பதையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.