ஸ்னோமொபைல் 9,000 அடிக்கு மேல் ஏறினால் ஏன் இழுப்பதில்லை? எதை, எந்த வரிசையில் சரிசெய்வது?

கேள்வியில் உள்ள விவரம் இது: போலாரிஸ் 850 என்ற பனி வண்டி, 165 அங்குல டிராக் (வண்டியைத் தள்ளும் ரப்பர் பட்டை), அதில் துருத்தி நிற்கும் 3 அங்குலப் பல். மினசோட்டாவில் ஆயிரம் அடி உயரத்தில் துள்ளி ஓடிய வண்டி, வயோமிங்கின் டோகட்டி கணவாய்ப் பக்கம் போனதும் முழு த்ராட்டிலிலும் 7,800 ஆர்.பி.எம்.மைத் தாண்டவில்லை. கெட்டிப்பட்ட டிரெயிலில் (பனி வண்டிகளுக்கான ஓட்டப்பாதையில்) வெப்ப எச்சரிக்கை விளக்கு வேறு எரிகிறது. எக்ஸாஸ்ட் பைப்பை மாற்றினால் தீருமா?

தீராது. எஞ்சின் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். டர்போ இல்லாத எஞ்சின், ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். டோகட்டி கணவாயின் உயரம் 9,658 அடி. கடல்மட்டத்தில் 165 குதிரைத்திறன் தரும் எஞ்சின் அங்கே 120-ஐ எட்டினாலே பெரிது. காற்றில் இல்லாத ஆக்சிஜனை எந்தப் பைப்பும் கொண்டுவராது. உயரத்தில் பைப் மாற்றினால் உருப்படியாகக் கிடைப்பது எடைக் குறைப்பு மட்டுமே. கூடவே சத்தமும் ஏறும். சத்தத்தால்தான் பல இடங்களில் டிரெயில்களை மூடச் சொல்லிக் குரல் எழுகிறது.

போன சக்தி போனதுதான். மிச்சமிருக்கும் சக்தியை முழுதாக டிராக்குக்குக் கொண்டுபோவது கிளட்சின் வேலை. எஞ்சின் பக்கம் பிரைமரி, டிராக் பக்கம் செகண்டரி என இரண்டு கிளட்ச், இரண்டையும் இணைப்பது ஒரு ரப்பர் பெல்ட். பெல்ட் தட்டுகளில் ஏறி இறங்குவதுதான் இங்கே கியர் மாறுவது. உங்கள் கிளட்ச் இன்னும் மினசோட்டாவுக்கு ஏற்றபடியே இருக்கிறது. அதை மாற்றினால் வண்டி மாறிவிடும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் உச்சச் சக்தி மிகக் குறுகிய ஆர்.பி.எம். இடைவெளியில்தான் கிடைக்கும். போலாரிஸ் 850-க்கு அது 8,250 வாக்கில். ஸ்கீ-டூ என்ற இன்னொரு வகை வண்டியின் ரோடாக்ஸ் 850 எஞ்சினுக்கு 7,900 முதல் 8,000 வரை. அதற்கு 300, 400 கீழே ஓடினால் எக்ஸாஸ்ட் பைப்பில் திரும்பும் அழுத்த அலையின் ஒத்திசைவு விட்டுப்போய் சக்தி பொத்தென்று விழும். மேலே ஓடினாலும் அப்படியே. ஆகவே முழு த்ராட்டிலில் ஆர்.பி.எம். முள் எங்கே நிற்கிறது என்பதுதான் நோயைக் காட்டும் நாடி.

பிரைமரி கிளட்சுக்குள் இருக்கும் எடைகளைத் தொடுவதற்கு முன் பெல்ட்டைப் பாருங்கள். தேய்ந்த பெல்ட்டை வைத்துக்கொண்டு ட்யூன் செய்தால், புதுப் பெல்ட் போட்ட அன்றே எல்லாம் தப்பாகிவிடும். எஞ்சின் நின்றிருக்கும்போது பெல்ட்டின் மேல்விளிம்பு செகண்டரி கிளட்ச் தட்டின் விளிம்புக்குச் சமமாகவோ, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மேலேயோ இருக்க வேண்டும். உள்ளே இறங்கியிருந்தால் வண்டி இரண்டாம் கியரில் கிளம்பியதுபோலத் திணறும். அதிகம் வெளியே நின்றால் ஐடிலிலேயே வண்டி ஊர்ந்து நகரும். புதுப் பெல்ட்டைச் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்துப் போடுங்கள். ஆலையில் ஒட்டிய பூச்சு போகும். முதல் 50 கிலோமீட்டருக்கு வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், முழு த்ராட்டிலில் நெடுநேரம் பிடிக்காதீர்கள். கிளட்ச் தட்டுகளின் முகத்தை நார்ப்பட்டையால் தேய்த்துப் பிசிறில்லாமல் துடையுங்கள். பிரைமரியின் ரோலர்கள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் எந்த எடையும் சொன்னபடி கேட்காது. இதைப் பலர் பார்ப்பதே இல்லை.

இனி அளவெடுப்பது. எஞ்சினும் கிளட்சும் நன்றாகச் சூடானபின், நீளமான நேர் ஏற்றத்தில் முழு த்ராட்டிலை 8 முதல் 10 விநாடி பிடித்து, முள் நிலையாக நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த கிளட்சில் எடுத்த எண் பொய் சொல்லும். கெட்டிப் பனியில் ஒரு முறை, ஆழமான தூள்பனியில் ஒரு முறை என இரண்டையும் எழுதிவையுங்கள். மலை வண்டிக்குத் தூள்பனியில் கிடைக்கும் எண்தான் முக்கியம்.

பிரைமரிக்குள் இருக்கும் எடைகள் சுழற்சியில் வெளியே வீசப்பட்டுப் பெல்ட்டை மேலே தள்ளுகின்றன. எடை கூடினால் கிளட்ச் சீக்கிரம் மேல் கியருக்குப் போகும். எஞ்சின் மீது சுமை ஏறி ஆர்.பி.எம். இறங்கும். உயரத்தில் எஞ்சின் மெலிந்துவிட்டது, எடை பழையபடியே கனக்கிறது. ஆகவே குறைக்க வேண்டும். தோராயக் கணக்கு, ஒவ்வொரு எடையிலும் 1 கிராம் குறைத்தால் 100 ஆர்.பி.எம். அளவில் ஏறும். உங்களுக்குக் குறைவது 450. நான்கு கிராம் லேசான எடைத் தொகுதியில் தொடங்குங்கள், மறுபடி அளவெடுங்கள், பிறகு அரைக் கிராமாகத் திருத்துங்கள். மூன்று எடைகளும் ஒரே அளவாக இருப்பதை நகை நிறுக்கும் தராசில் நிறுத்து உறுதிசெய்யுங்கள். ஒன்று கூடக்குறைய இருந்தால் கிளட்ச் அதிர்ந்து புஷிங்கைத் தின்றுவிடும். ஸ்கீ-டூவின் பழைய டி.ஆர்.ஏ. கிளட்ச் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. வெளியிலிருந்தே திருப்பும் கிளிக்கரில் ஆறு நிலைகள் உண்டு, ஒரு நிலை ஏற்றினால் சுமார் 200 ஆர்.பி.எம். கூடும். மூன்று கிளிக்கரும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எடையை மாற்றியபின்னும் குறை மிஞ்சினால், அது எந்த நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள். கிளம்பும்போது எஞ்சின் முக்கினால், பிரைமரி ஸ்பிரிங்கின் ஆரம்ப அழுத்தம் போதவில்லை. ஆழ்பனியில் இன்னும் சற்று உயர்ந்த ஆர்.பி.எம்.மில் கிளட்ச் பிடித்தால் நல்லது. தொடக்கத்தில் 8,250 காட்டிவிட்டு வேகம் ஏற ஏற முள் சரிந்தால், ஸ்பிரிங்கின் இறுதி அழுத்தம் குறைவு, அல்லது செகண்டரியில் உள்ள ஹெலிக்ஸின் (கியர் மாறும் வேகத்தைத் தீர்மானிக்கும் சரிவுப் பாகம்) கடைசிக் கோணம் செங்குத்தாக இருக்கிறது. மரங்களுக்கிடையே த்ராட்டிலை விட்டு மறுபடி அமுக்கும்போது வண்டி திணறினால், கிளட்ச் கீழ்க் கியருக்குத் திரும்பத் தாமதிக்கிறது. அங்கே கோணம் குறைந்த ஹெலிக்ஸோ, கடினமான செகண்டரி ஸ்பிரிங்கோ உதவும். ஸ்பிரிங்கை அளவுக்கு மீறி இறுக்கினால் பெல்ட் நசுங்கிச் சூடாகும், அதனால் ஒரு படி மட்டும் போங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்றுவது எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அதை விட்டுவிடாதீர்கள். எடை, ஸ்பிரிங், ஹெலிக்ஸ் மூன்றையும் ஒன்றாக மாற்றியவருக்கு எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

சரியாக அமைந்ததா என்பதைச் சூடு சொல்லிவிடும். நீண்ட ஏற்றம் முடிந்ததும் எஞ்சினை அணைத்து, பக்கத் தகட்டைத் திறந்து, அகச்சிவப்பு வெப்பமானியால் பெல்ட்டைப் பாருங்கள். 80 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நல்லது. 95-ஐத் தாண்டினால் ரப்பர் வேகத் தொடங்கும். அந்தப் பெல்ட்டின் ஆயுள் அன்றைக்கோ மறுநாளோ முடியும். இரண்டு கிளட்சில் எது அதிகம் கொதிக்கிறதோ, பெல்ட் வழுக்குவது அங்கேதான்.

அடுத்து டிரெயிலில் வரும் சூடு. இந்த வண்டிகளில் காரைப்போல விசிறி வைத்த ரேடியேட்டர் இல்லை. டனலுக்கு (டிராக்கை மேலே மூடியிருக்கும் உலோகக் கூடு) அடியில் உள்ள வெப்பமாற்றிமேல் டிராக் வாரியிறைக்கும் பனிதான் கூலன்ட்டைக் குளிர்விக்கிறது. ஐஸ்போல இறுகிய டிரெயிலில் வாரியிறைக்கப் பனியே கிடையாது. டிராக்குக்குள் இருக்கும் சறுக்குத் தண்டுகளின் அடியிலுள்ள ஹைஃபாக்ஸ் என்ற பிளாஸ்டிக் பட்டைக்கும் அந்தப் பனிதான் மசகு. வறண்டால் பிளாஸ்டிக் உருகும் வாடை வரும். இதற்கு ஐஸ் ஸ்கிராட்சர் என்ற கீறும் கம்பியைப் போடுங்கள். பனியைக் கீறித் தூளாக்கி டிராக்கின்மேல் வீசும். பழைய வகைக் கம்பி ஸ்கிராட்சராக இருந்தால் ரிவர்ஸ் எடுக்கும் முன் தூக்கி மாட்டிவிட வேண்டும், இல்லையேல் மடங்கி ஒடியும். விளக்கு எரிந்தால் டிரெயில் ஓரத்துத் தளர்ந்த பனியில் சில நூறு மீட்டர் ஓட்டுங்கள். நின்று ஐடிலில் விட்டால் ஆறாது, சூடு ஏறும். ஒன்று ஓட்டுங்கள், இல்லை அணையுங்கள். 3 அங்குலப் பல்லோடு கெட்டி டிரெயிலில் வேகமாகப் போவதும் தவறு. பற்கள் மடிந்து மடிந்து சூடேறி அடியோடு பிய்ந்துபோகும்.

காலையில் இதற்கு நேர்மாறான ஆபத்து உண்டு. குளிர்ந்த எஞ்சினில் முழு த்ராட்டில் கொடுத்தால் பிஸ்டன் வேகமாக விரியும், சிலிண்டர் மெதுவாக விரியும், இரண்டும் கடித்துக்கொள்ளும். கூலன்ட் 40, 50 டிகிரியை எட்டும்வரை பொறுத்திருங்கள்.

டிராக் இழுவிசையைக் கையேடு சொல்லும் எடையைத் தொங்கவிட்டு அளந்து வையுங்கள். அதிகம் தளர்ந்தால் ஓட்டும் பற்சக்கரத்தில் டிராக் பல் தாண்டும், ‘டக் டக்’ என்று கேட்கும். அதிகம் இறுகினால் இருக்கிற கொஞ்சச் சக்தியையும் உராய்வு தின்னும். டிராக் இடப்பக்கம் ஒதுங்கி ஓடினால் பின் அச்சின் இடது போல்ட்டை இறுக்குங்கள், வலப்பக்கமென்றால் வலது.

சஸ்பென்ஷனில் லிமிட்டர் ஸ்ட்ராப் (சஸ்பென்ஷனின் முன்பகுதி கீழிறங்குவதைக் கட்டுப்படுத்தும் வார்) ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதைக் குறுக்கினால் முன்னால் உள்ள சறுக்குப் பலகைகளான ஸ்கீமேல் பாரம் கூடும். டிரெயில் வளைவில் வண்டி நேராக வழுக்கிப் போகாமல் திரும்பும், செங்குத்து ஏற்றத்தில் மூக்கு தூக்காது. நீட்டினால் மூக்கு லேசாகி ஆழ்பனியின்மேல் ஏறி மிதக்கும். அளவு மீறினால் பின்பாரம் அழுத்தி டிராக் பள்ளம் தோண்டும். ஒரு துளை மாற்றி ஓட்டிப் பாருங்கள். நேர்ச்சாலையில் ஸ்கீ இடமும் வலமும் அலைந்தால் அடியிலுள்ள கார்பைடு (கடின உலோக விளிம்பு) தேய்ந்திருக்கும், அல்லது ஸ்கீ நேர்ப்பாடு தவறியிருக்கும். முன்பக்கம் 3 முதல் 6 மில்லிமீட்டர் வெளிநோக்கி விரிந்திருக்க வேண்டும். ஆனால் ஸ்கீகளின் இடைவெளி குறுகிய மலை வண்டி, டிரெயில் வண்டி அளவுக்கு வளைவில் ஒருபோதும் நிற்காது. வேகத்தைக் குறைத்து, உடலை வளைவின் உட்பக்கம் சாய்த்து, வலது ஓரத்தை விடாமல் போங்கள். எதிரே வருபவருக்குப் பின்னால் எத்தனை வண்டி என்று விரலால் காட்டுவதும், கடைசி வண்டி மூடிய முஷ்டியைக் காட்டுவதும் டிரெயில் வழக்கம்.

வண்டி நன்றாக ஏறத் தொடங்கியதும் கண் செங்குத்துச் சரிவுகள்மேல் போகும். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சாய்வில்தான் உடைகின்றன. நீங்கள் ஏற ஆசைப்படும் சரிவும் அதுவே. பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சிக்னல் கருவி), மண்வாரி, துழாவும் கம்பு மூன்றும் உடம்போடு இருக்க வேண்டும், வண்டிப் பெட்டியில் அல்ல. சரிவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மேலே ஒருவர் சிக்கிக்கொண்டால், உதவுகிறேன் என்று இன்னொரு வண்டி ஏறக் கூடாது. அந்தக் கூடுதல் பாரமே சரிவை உடைக்கப் போதும்.

மலையிலிருந்து திரும்பும்போது பழைய எடைகளை மறக்காமல் மாட்டுங்கள். லேசான எடையோடு கீழே ஓட்டினால் எஞ்சின் உச்சத்தைத் தாண்டிச் சுழன்று ஆர்.பி.எம். வரம்பில் முட்டும். உங்கள் வண்டி ஃப்யூயல் இன்ஜெக்ஷன் என்பதால் பெட்ரோல் அளவை அதுவே திருத்திக்கொள்ளும். உடன் வருபவரிடம் கார்புரேட்டர் வண்டி இருந்தால் அவருக்கு வேலை இன்னும் உண்டு. உயரத்துக்காகப் போட்ட சிறிய மெயின் ஜெட்டோடு (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகு) தாழ்நிலத்தில் முழு த்ராட்டில் கொடுத்தால் கலவை மெலிந்து, சில நிமிடங்களிலேயே பிஸ்டன் உருகிவிடும். ஜெட்டை மாற்றியபின்தான் அவர் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்க வேண்டும்.